சீட்டைப் பாருங்கள், சீட்டுக் கொடுத்தவரையும் பாருங்கள்

சம்பா பட்டத்திற்கு விதை வாங்கப் போகும் விவசாயி மூட்டையில் எதைப் பார்க்கிறார்? ரகத்தின் பெயர், எடை, விலை ஆகிய மூன்றையும் தவறாமல் பார்க்கிறார். மூட்டையின் வாயில் தைத்திருக்கும் நீலச் சீட்டையும் சிலர் பார்ப்பதுண்டு. ஆனால் அந்தச் சீட்டைக் கொடுத்தது யார், சீட்டுக் கொடுக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்தது யார் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

இந்தக் கேள்வி விதையோடு நிற்பதில்லை. மண்ணைப் பரிசோதிக்கும் நிலையம், விளைச்சலை வைக்கும் கிடங்கு, இயற்கை விளைபொருளுக்குச் சான்று தரும் நிறுவனம், பிள்ளையைச் சேர்க்கும் கல்லூரி என்று எல்லா இடத்திலும் இதே கேள்வி உண்டு. விதை பொய்த்தால் ஒரு போகம் போகும். கல்லூரி பொய்த்தால் பிள்ளையின் நான்கு ஆண்டுகளும், நிலத்தை அடகு வைத்துக் கட்டிய பணமும் சேர்ந்து போகும். ஆகவே சான்று என்றால் என்ன, அங்கீகாரம் என்றால் என்ன என்பதைச் சிறு விவசாயிகள் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம்.

தராசு சொல்லும் பாடம்

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல் கொண்டு வரும் விவசாயிக்குத் தராசைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தராசில் அரசு முத்திரை இருந்தால் நம்புகிறார். முத்திரை இல்லையென்றால் சந்தேகப்படுகிறார். எடைக்கற்களுக்கும் சாதாரணத் தராசுக்கும் 24 மாதங்களுக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசுக்கு 12 மாதங்களுக்கு ஒருமுறையும் முத்திரையைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இதற்கு வழி செய்கிறது.

முத்திரை போட வரும் ஆய்வாளர் கொண்டு வரும் எடைக்கல் சரியானதுதான் என்று எப்படித் தெரியும்? அதையும் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை அரசு ஆய்வகத்தின் எடைக்கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்த எடைக்கல்லை அதைவிட உயர்ந்த ஆய்வகத்தின் எடைக்கல்லோடு ஒப்பிடுகிறார்கள். இப்படியே போனால் கடைசியில் புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்கும். தட்டாஞ்சாவடித் தராசுக்கும் புதுதில்லி ஆய்வகத்திற்கும் நடுவே அறுபடாத ஒரு சங்கிலி இருக்கிறது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் முத்திரைக்கு மதிப்பில்லை.

தராசுக்குப் போடும் முத்திரை சான்று ஆகும். முத்திரை போடுகிறவரின் எடைக்கல்லைச் சரிபார்ப்பது அங்கீகாரம் ஆகும். சுருங்கச் சொன்னால், சான்று கொடுப்பவருக்குக் கொடுக்கும் சான்றே அங்கீகாரம். இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் மற்றவை எளிது.

புதுவைக்குப் புதிதல்ல

தாளின் மதிப்பு, அதற்குப் பின்னால் நிற்பவரைப் பொறுத்தது என்பது புதுவை மண்ணுக்குப் பழக்கமான செய்தி. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச் சாலைக்கு மூன்று கிராமங்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதைப் பாகூர் செப்பேடுகள் கூறுகின்றன. அந்தக் கிராமங்களின் நிலத்து வருவாயில்தான் கல்வி நடந்தது. சொல்லால் கொடுத்த தானம் சொன்னவரோடு போயிருக்கும். செப்பேட்டில் எழுதி அரசனின் முத்திரையோடு கொடுத்ததால் அது நின்றது.

அண்மைக் காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் பிரெஞ்சு அரசிடமிருந்து இந்திய அரசின் கைக்கு மாறியது. அப்போது பிரெஞ்சுப் பள்ளியில் ‘பிரெவே’, ‘பக்கலொரேயா’ படித்தவர்களின் வீடுகளில் ஒரு கவலை இருந்திருக்கும். படித்த படிப்பு இனிச் செல்லுமா? இந்தியக் கல்லூரியில் இடம் கிடைக்குமா? அரசு வேலைக்கு ஏற்பார்களா? 1956 மே 28ஆம் தேதி இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்படைப்பு உடன்படிக்கை இந்தக் கேள்விகளையும் மறக்கவில்லை. அந்தப் பிரெஞ்சுப் படிப்புகளை இந்தியப் படிப்புக்குச் சமமாக ஏற்று, மேற்படிப்புக்கும் நிர்வாகப் பணிக்கும் தகுதியாகக் கொள்வதென்று அதிலேயே எழுதப்பட்டது. படிப்பும் படித்தவரும் மாறவில்லை. அந்தத் தாளை இரண்டு அரசுகள் ஏற்றுக்கொண்டதால் அதற்கு உயிர் வந்தது.

விதைச் சீட்டின் நிறம்

1966ஆம் ஆண்டின் விதைச் சட்டப்படி விதைக்குச் சான்று தரும் உரிமை, அரசு நியமித்த அல்லது ஏற்றுக்கொண்ட சான்று நிறுவனத்திற்கு மட்டுமே உண்டு. விதை உற்பத்தி செய்கிறவரே தமக்குத் தாமே சான்று எழுதிக்கொள்ள முடியாது.

சீட்டின் நிறத்தைக் கொண்டே விதையின் நிலையை அறியலாம். வல்லுநர் விதைக்கு மஞ்சள் சீட்டும், ஆதார விதைக்கு வெள்ளைச் சீட்டும், சான்று விதைக்கு நீலச் சீட்டும் இருக்கும். பச்சைச் சீட்டு உள்ள விதை ‘உண்மைநிலை விதை’ எனப்படும். இதற்குச் சான்று நிறுவனத்தின் வயலாய்வு கிடையாது. உற்பத்தியாளர் தம் சொந்தப் பொறுப்பில் தரத்தை எழுதித் தருகிறார். பச்சைச் சீட்டு விதை எல்லாமே மோசம் என்று இதற்குப் பொருளல்ல. அதன் பின்னால் நிற்பது விற்பவரின் வாக்கு மட்டுமே என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

நீலச் சீட்டு எளிதில் கிடைப்பதில்லை. நெல் விதைப்பண்ணையைச் சுற்றி வேறு ரக நெல் வயலுக்கு 3 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பூக்கும் பருவம் முதல் அறுவடை வரை குறைந்தது இரண்டு முறை வயலாய்வு நடக்கும். கலவன் பயிர் நூற்றுக்கு 0.20க்கு மேல் இருக்கக் கூடாது. அறுவடைக்குப் பின் மாதிரி எடுத்துப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புவார்கள். முளைப்புத் திறன் குறைந்தது 80 சதம், புறத்தூய்மை குறைந்தது 98 சதம், ஈரப்பதம் 13 சதத்திற்கு மிகாமல் இருந்தால்தான் சீட்டு. அந்தச் சீட்டும் பரிசோதனை நாளிலிருந்து 9 மாதங்களுக்கே செல்லும். அதன் பின் மறுபரிசோதனையில் தேறினால் நீட்டிப்பார்கள்.

ஆகவே நீலச் சீட்டைக் கண்டதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. பரிசோதனை நாள், செல்லும் நாள், குவியல் எண் மூன்றையும் படிக்க வேண்டும். சீட்டு கிழிந்து ஒட்டப்பட்டிருந்தாலும், மூட்டைத் தையல் பிரிந்திருந்தாலும் வாங்கக் கூடாது. ரசீதில் ரகமும் குவியல் எண்ணும் எழுதச் சொல்லி வாங்க வேண்டும். நாற்றங்கால் விட்டு முடிந்ததும் சீட்டையும் பையையும் எறிந்துவிடாமல் அறுவடை வரை வைத்திருக்க வேண்டும்.

விதை முளைக்காவிட்டாலும், வேறு ரகம் கலந்திருந்தாலும் முதலில் அருகில் உள்ள உழவர் உதவியகத்தில் எழுத்து மூலம் புகார் தந்து, வயலைப் பார்வையிடச் சொல்ல வேண்டும். நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் ஆணையத்திற்கும் போகலாம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டு ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிட்ட விவசாயியிடம், பரிசோதனைக்கு விதை எங்கே என்று கேட்டு அவர் வழக்கைத் தள்ளிவிட முடியாது என்பதும் அத்தீர்ப்பின் கருத்தாகும். ஆனால் ரசீதும் சீட்டும் கையில் இருந்தால்தான் வழக்குக்கு வலு இருக்கும்.

மண்ணும் தண்ணீரும்

புதுவையின் கடலோரக் கிராமங்களில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் உப்பாக மாறிவரும் கவலை உண்டு. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்து அதற்கேற்ப உரமிடுவதும் பயிர் செய்வதும் இங்கு மிகவும் தேவை. அரசு நிலையங்கள் தவிரத் தனியார் பரிசோதனைக் கூடங்களும் இப்போது பல இருக்கின்றன.

பரிசோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தருவது என்.ஏ.பி.எல். எனப்படும் தேசிய வாரியம். ஐ.எஸ்.ஓ. 17025 என்ற உலகத் தர விதிப்படி, கருவிகள் அளவு தப்பாமல் இருக்கின்றனவா, பரிசோதிக்கிறவர் பயிற்சி பெற்றவரா, ஒரே மாதிரியை இரு முறை பார்த்தால் ஒரே முடிவு வருகிறதா என்று நேரில் வந்து பார்த்தே இந்த வாரியம் அங்கீகாரம் தருகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அங்கீகாரம் கட்டடத்திற்குக் கிடைப்பதல்ல, குறிப்பிட்ட பரிசோதனைக்குக் கிடைப்பது. குடிநீர்ப் பரிசோதனைக்கு அங்கீகாரம் பெற்ற ஒரு கூடம், மண் பரிசோதனைக்கு அதைப் பெறாமல் இருக்கலாம். வாசலில் மாட்டிய சட்டத்தில் முத்திரை இருக்கிறது என்று திருப்தி அடையாமல், கையில் கொடுக்கும் அறிக்கையில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உணவுப் பொருளிலும் இதே முறைதான். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தையே ஏற்கிறது. மக்கள் உண்ணும் உணவின் பாதுகாப்பு இந்தக் கூடங்களின் நேர்மையில் இருக்கிறது.

பரிசோதனைக் கூடம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், மாதிரி தவறாக எடுத்தால் முடிவும் தவறாகவே வரும். வரப்பு ஓரம், எருக்குழி, மரநிழல் ஆகிய இடங்களை விட்டுவிட்டு, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் ‘வி’ வடிவில் குழி வெட்டி, நெல் வயலில் 15 செ.மீ. ஆழம் வரை மண் சுரண்டிக் கலந்து, அதில் அரைக் கிலோ அனுப்ப வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பு

வேளாண்மைக் கல்வியில் புதுவைக்கு ஒரு பெருமை உண்டு. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974ஆம் ஆண்டு புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கிய அந்த முயற்சி, இன்று நாடெங்கும் எழுநூறுக்கும் மேற்பட்ட நிலையங்களாகப் பெருகியுள்ளது. குருமாம்பேட்டில் இயங்கும் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் விவசாயிகளுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. காரைக்காலில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரியும், குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன.

வேளாண்மைப் படிப்புக்கு மதிப்புக் கூடியதும் தமிழ்நாட்டிலும் வேறு மாநிலங்களிலும் தனியார் கல்லூரிகள் பெருகின. விவசாயிகளின் பிள்ளைகள் பலர் அவற்றில் சேருகிறார்கள். இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ‘அங்கீகாரம் பெற்றது’ என்று விளம்பரத்தில் ஒரே சொல்லாகப் போட்டிருக்கும். உண்மையில் அதற்குள் வெவ்வேறு படிகள் இருக்கின்றன.

முதற்படி, பட்டம் வழங்கும் உரிமை. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, சட்டத்தின் மூலம் அமைந்த பல்கலைக்கழகமோ, நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ, நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனமோதான் பட்டம் தர முடியும். மற்றவை தரும் பட்டம் வெறும் தாள். இப்படிப்பட்ட போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு வெளியிட்டு வருகிறது. அந்தப் பட்டியலில் புதுச்சேரி முகவரியும் இடம் பெற்றதுண்டு என்பதைப் பெற்றோர் மறக்கக் கூடாது.

இரண்டாம் படி, இணைப்பு. கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, எந்தப் படிப்புக்கு இணைப்பு உண்டு என்று பார்க்க வேண்டும். ஒரு பாடத்திற்கு இணைப்பு இருந்தால் எல்லாப் பாடத்திற்கும் இருப்பதாகக் கொள்ளக் கூடாது.

மூன்றாம் படி, தொழில் செய்யும் உரிமை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற பட்டம் இருந்தால்தான் கால்நடை மருத்துவராகப் பதிவு செய்ய முடியும். பதிவு இல்லாதவர் ஊசி போட்டு மாடு இறந்தால் நஷ்டம் மாட்டுக்காரருக்குத்தான்.

நான்காம் படி, தர அங்கீகாரம். பொதுக் கல்லூரிகளுக்கு 1994ஆம் ஆண்டு பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த ‘நாக்’ குழுவும், வேளாண்மைக் கல்லூரிகளுக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் உள்ள தேசிய வேளாண் கல்வி அங்கீகார வாரியமும் இதைத் தருகின்றன. ஆசிரியர்கள் போதுமான அளவில் உள்ளனரா, பண்ணை நிலம் உண்டா, ஆய்வுக்கூடம் இயங்குகிறதா என்று இவை பார்க்கின்றன. மேற்படிப்புக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கும்போது, படித்த கல்லூரிக்கு இந்த அங்கீகாரம் உண்டா என்ற கேள்வி வரும். நான்கு ஆண்டுகள் முடிந்த பின் பதில் தேடுவதைவிட, முதல் தவணை கட்டுமுன் கேட்பது நல்லது.

எள் சொன்ன செய்தி

விவசாயி ஒரு தவறும் செய்யாமல் இருந்தும், அங்கீகாரச் சங்கிலி அறுந்தால் அவருக்கும் நஷ்டம் வரும். அண்மையில் நடந்தது இதற்குச் சாட்சி.

இயற்கை வேளாண் விளைபொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப, அபீடா என்னும் மத்திய நிறுவனம் நடத்தும் தேசியத் திட்டத்தின் கீழ் சான்று வேண்டும். அதற்கென அங்கீகாரம் பெற்ற சான்று நிறுவனங்கள் உண்டு. தமிழ்நாட்டில் கோவையில் 2007ஆம் ஆண்டு தொடங்கிய அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையும் அவற்றில் ஒன்று. ஆண்டுப் பயிர் நிலமென்றால் மாறுதல் காலமாக இரண்டு ஆண்டுகளும், பல்லாண்டுப் பயிரென்றால் மூன்று ஆண்டுகளும் விதிப்படி நடந்து காட்ட வேண்டும். இந்தக் காலத்தில் மகசூல் குறையலாம். கூடுதல் விலையும் கிடைக்காது. சிறு விவசாயிக்கு இது பெரிய முதலீடாகும்.

2020ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற தடை செய்யப்பட்ட நச்சுப் பொருள் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. இயற்கை எள் என்ற சான்றோடு போன சரக்கிலும் அது இருந்தது. இதன் தொடர்ச்சியாக, இந்தியாவில் இயங்கிய சான்று நிறுவனங்கள் சிலவற்றின் சான்றை 2022 தொடக்கத்திலிருந்து ஏற்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்தது. அமெரிக்காவோ, இந்தியா தரும் அங்கீகாரத்தைத் தான் ஏற்றுவந்த ஏற்பாட்டையே முடித்துக்கொள்வதாக 2021 ஜனவரியில் அறிவித்தது.

இதனால் அடிபட்டது யார்? எள்ளில் நச்சு சேர்ந்தது வயலில் அல்ல. அந்த வாயு அறுவடைக்குப் பின், சேமிப்பிலும் பதப்படுத்துதலிலும் கிருமி நீக்கப் பயன்படுவது. ஆனாலும் அந்த நிறுவனங்களிடம் சான்று பெற்றிருந்த நேர்மையான விவசாயிகளின் தாளும் அந்தச் சந்தையில் செல்லாமல் போனது. ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கும் அங்கீகாரத்திற்கும் உள்ள தொடர்பு இதுதான். நம்பிக்கை இருந்தால் கப்பல் ஏறும், போனால் திரும்பி வரும்.

உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் விற்க நினைப்பவர்கள் இவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்று பெறும் பங்கேற்பு முறைச் சான்றுத் திட்டம் உள்ளது. செலவு குறைவு. ஆனால் இது ஏற்றுமதிக்குச் செல்லாது. எந்தச் சந்தைக்கு எந்தச் சான்று என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கிடங்கும் கடனும்

அறுவடைக் காலத்தில் விலை சரிவதும், இரண்டு மாதம் கழித்து ஏறுவதும் எல்லோரும் அறிந்ததே. காத்திருக்க முடியாமல் விற்பவர் சிறு விவசாயிதான். 2007ஆம் ஆண்டின் கிடங்கு வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்ற கிடங்கில் நெல்லையோ உளுந்தையோ மணிலாவையோ வைத்தால், மின்னணு முறையில் ரசீது தருவார்கள். அந்த ரசீதை வங்கியில் ஈடு வைத்துக் கடன் பெறலாம். பதிவில்லாத கிடங்கு தரும் துண்டுச் சீட்டுக்கு இந்த மதிப்பு இல்லை. மூட்டை அதே மூட்டைதான். ஆனால் ஒரு தாள் பணமாகிறது, இன்னொரு தாள் ஆவதில்லை.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

விதை, மண், படிப்பு, சான்று, கிடங்கு எதுவானாலும் விவசாயி மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்.

1. யார் கொடுத்தது? அங்கீகாரம் கொடுத்த அமைப்பின் முழுப் பெயர் என்ன? அது சட்டப்படி அமைந்ததா? ‘அரசு அங்கீகாரம்’ என்று பொதுவாகச் சொன்னால் ஏற்கக் கூடாது.

2. எதற்குக் கொடுத்தது? எந்தப் பயிருக்கு, எந்தப் பரிசோதனைக்கு, எந்தப் படிப்புக்கு? ஒன்றுக்குப் பெற்றதை இன்னொன்றுக்குக் காட்டுவதுண்டு.

3. எதுவரை செல்லும்? தேதி முடிந்த முத்திரை, முத்திரை இல்லாததற்குச் சமம்.

பதில் கிடைத்ததும், அதைக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அமைப்பிடமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான அமைப்புகள் தங்கள் பட்டியலை இணையத்தில் வெளியிட்டுள்ளன. வீட்டில் படிக்கும் பிள்ளைகளே கைப்பேசியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். முடியாதவர்கள் உழவர் உதவியகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரிக்கலாம்.

அங்கீகாரம் இருந்துவிட்டால் எல்லாம் நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும் என்று பொருளல்ல. நீலச் சீட்டு விதையையும் ஈரத் துணியில் நூறு விதை கட்டி முளைக்கவைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். பெயர் பெற்ற கல்லூரியையும் நேரில் போய்ப் பார்ப்பதே முறை. ஆனால் அங்கீகாரம் இருந்தால், தவறு நேரும்போது பதில் சொல்ல ஒருவர் இருப்பார். அது இல்லாத இடத்தில் விவசாயி தனித்து நிற்க வேண்டியதுதான். எனவே சீட்டை வாங்குமுன் கேளுங்கள், வாங்கியபின் பத்திரப்படுத்துங்கள்.